டிக்கிக்கு வைத்த பொட்டு

6

ஒரு பணக்காரர் தன் சொந்தக் காரின் டிக்கியைத் திறக்கத் தெரியாமல் திண்டாடுகிற காட்சி காசு கொடுத்தாலும் கிடைக்காது. மாதேஸ்வரன் கைகளைக் கட்டிக்கொண்டு நிதானமாக ரசித்தான்.

கருப்பண்ணன் சாவியை வலப்பக்கம் திருகினார். அசையவில்லை. கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். பம்பரை ஷூவால் ஓர் இடி இடித்தார். எஸ்டேட் பங்களாவின் முற்றத்தில் நின்ற அந்தக் கறுப்பு அம்பாஸிடர் கொஞ்சமும் மசியவில்லை.

"மழையில துருப் பிடிச்சுக்கிச்சு" என்றார், ஏற்காட்டு மழையின் மேல் வழக்குப் போடப் போகிறவர் போல.

மூன்றடி தள்ளி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் அங்கப்பன் மெல்ல வந்தான். சாவியை இடப்பக்கம் திருப்பினான். உள்ளங்கையால் மூடியை ஓர் அழுத்து. டிக்கி வாயைப் பிளந்தது. அவன் திரும்பிப் போய் அதே இடத்தில் நின்று அதே வானத்தைப் பார்க்க ஆரம்பித்தான்.

"இதுல நாம என்ன சார் கண்டுபிடிக்கணும்? வலது எது, இடது எதுன்னா?" என்று மாதேஸ்வரனின் காதருகே கேட்டாள் லூர்துசெல்வி. சேலத்தில் அவனுடைய துப்பறியும் அலுவலகத்துக்கு டைப் அடிக்க வந்தவள். ஒன்றரை வருஷத்தில் தன்னைத்தானே உதவியாளராகப் பதவி உயர்த்திக்கொண்டவள்.

"வாயை மூடிக்கிட்டு நோட்டைத் திற" என்றான் மாதேஸ்வரன்.

விஷயம் சின்னது, ஆனால் அசிங்கமானது. இந்த எஸ்டேட்டின் பழைய சொந்தக்காரர் ஐயாக்கண்ணு இரண்டு மாதம் முன்பு இறந்துபோனார். மனைவி முன்பே போய்விட்டார். பிள்ளை குட்டி இல்லை. தன் கைப்பட ஓர் உயில் எழுதி, சாட்சிக் கையெழுத்தும் வாங்கி வைத்திருப்பதாகச் சேலத்து வக்கீலுக்குக் கடிதம் போட்டிருந்தார். நாற்பத்திரண்டு ஏக்கரில் நாற்பது தம்பி கருப்பண்ணனுக்கு. தலைச்சோலைப் பக்கம் இருக்கிற இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டமும் அதிலுள்ள வீடும், இருபத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டிய அங்கப்பனுக்கு. பதிவு செய்யாத உயில். நகல் கிடையாது. அந்த ஒரு தாள்தான் எல்லாம்.

பங்களாவில் இருந்த அந்த உயிலைத் திங்கட்கிழமை கொண்டுவரும்படி வக்கீல் கருப்பண்ணனுக்கு எழுதினார். கருப்பண்ணனும் கொண்டுபோனார். ஆனால் கொண்டுபோனது ஒரு பீங்கான் தட்டில் சாம்பல் நிறக் கூழாக. ஞாயிறு இரவு மழையில் டிக்கிக்குள் தண்ணீர் இறங்கி உயில் ஊறிப்போய்விட்டதாம். அன்று மத்தியானம்தான் அந்த டிக்கி மூடியின் சந்தில் தண்ணீர் புகாதிருக்க அங்கப்பன் புது ரப்பர் மாட்டியிருந்தானாம்.

உயில் இல்லையென்றால் நாற்பத்திரண்டும் தம்பிக்கு. வக்கீலுக்கு மூக்கில் ஏதோ வாடை அடித்தது. திங்கட்கிழமை சாயந்திரமே மாதேஸ்வரனைக் கூப்பிட்டு, 'நாளை மாலை ஐந்து மணி பஸ்ஸுக்குள் ஒரு முடிவோடு வாருங்கள், புதன்கிழமை நான் கோர்ட்டில் எழுதிக் கொடுத்தாக வேண்டும்' என்றார். இன்று செவ்வாய்க்கிழமை. மணி பதினொன்று.

"சொல்லுங்க" என்றான் மாதேஸ்வரன்.

"என்னத்தைங்க சொல்றது?" கருப்பண்ணன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். தன் கார் நாறுகிறது என்பதை ஒத்துக்கொள்ளாத, ஆனால் முகர்ந்து பார்க்கவும் விரும்பாத பொத்தல் அது. "பழைய ரப்பர் வெடிச்சுப்போச்சு. சேலத்துல ஒர்க்ஷாப்ல விடுடான்னேன். 'ஊட்டுலயே மாட்டிக்கலாமுங்க அய்யா'ன்னான் இந்த மேதாவி. சரின்னு விட்டேன். புது ரப்பர்தானேன்னு நம்பி, விடியக்காலம் கிளம்பறதுக்காக ஞாயித்துக்கிழமை பொழுது சாய உயில் பையை டிக்கியில வைக்கச் சொன்னேன். திங்கட்கிழமை காலையில திறந்தா டிக்கி கெணறு மாதிரி நிக்குது. அவனுக்கு எழுதின சொத்தை அவனே முழுகடிச்சுட்டான். மலைக்காரனுக்கு மம்பட்டியைக் குடுக்கலாம், மெக்கானிக் வேலையைக் குடுக்கலாமா?"

இந்த வாக்கியத்தை அவர் திங்கட்கிழமையிலிருந்து பலரிடம் சொல்லிப் பழகியிருக்கிறார் என்று மாதேஸ்வரனுக்குத் தோன்றியது. கடைசி வரியில் ஓர் இடைவெளி விட்டு, கேட்பவர் சிரிக்க நேரம் கொடுத்தார். யாரும் சிரிக்கவில்லை.

மாதேஸ்வரன் டிக்கி வாயைச் சுற்றி ஓடிய ரப்பரைக் குனிந்து பார்த்தான். பஸ் டிக்கெட்டை எடுத்து விளிம்பில் வைத்து, அங்கப்பனை மூடியைச் சாத்தச் சொல்லி இழுத்தான். டிக்கெட் சிரமமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. இடப்பக்கம், வலப்பக்கம், கீழே, எங்கே வைத்தாலும் அப்படித்தான். ரப்பர் எதையும் கவ்வவில்லை. பேருக்கு உட்கார்ந்திருந்தது. மறுபடி திறந்தான். ரப்பரின் இரண்டு முனைகளும் சேர்கிற ஒட்டு மேலே, கீலுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த ஒட்டின் மேல் சந்தனம் தடவி, நடுவில் வட்டமாக ஒரு குங்குமப் பொட்டு.

மாதேஸ்வரன் சிரித்துவிட்டான். "டிக்கிக்குப் பொட்டு! வேலையை ஒழுங்காச் செய்யாதவன் எல்லாத்துக்கும் பொட்டு வைப்பான்."

அங்கப்பனின் கண் வானத்தை விட்டு ஒரு கணம் இறங்கியது. மாதேஸ்வரனின் முகத்தில் பட்டது. மறுபடி மேலே போய்விட்டது.

"நீதானே மாட்டினே?"

"ஆமாங்க."

"ஒழுங்கா மாட்டினியா?"

"மாட்டினேனுங்க."

"அப்ப தண்ணி எப்படி உள்ள போச்சு?"

"தெரியலீங்க."

"உயில் போனா உன் ஊடு போகும், தெரியுமா?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாருங்க."

அவ்வளவுதான். அழுகை இல்லை, ஆவேசம் இல்லை. மாதேஸ்வரனுக்கு எரிச்சல் வந்தது. தன் தலைமேல் கூரை பிடுங்கப்படும்போதும் இப்படி மேகத்தை எண்ணிக்கொண்டிருக்கிற மனுஷனுக்கு இரண்டு ஏக்கரை வைத்துக்கொள்ளத்தான் தெரியுமா என்று நினைத்தான். கருப்பண்ணன் ஒரு கோமாளி. இவன் ஒரு மரக்கட்டை. இந்த இரண்டு பேருக்கு நடுவில் தன் புத்தியைச் செலவழிக்க வேண்டியிருக்கிறதே என்று அவனுக்குத் தன் மேலேயே இரக்கம் வந்தது.

பங்களா வராந்தாவில் பீங்கான் தட்டு இருந்தது. பக்கத்தில் ஏதோ கல்யாணத்தில் தேங்காய் போட்டுக் கொடுத்த மஞ்சப்பை காய்ந்துகொண்டிருந்தது.

"பைக்குள்ள இருந்து இதை யார் எடுத்தது?"

"அவன்தான். நான் அதையெல்லாம் தொடுவேனா?" என்றார் கருப்பண்ணன்.

மாதேஸ்வரன் ஒரு சிட்டிகை கூழை எடுத்துக் காலித் தீப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டான். பொறுமையாக எதையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பது அவன் வழக்கம். அதில் பாதி, முதல் பார்வையிலேயே எதுவும் தனக்குப் புரியாது என்ற பயம். அதை லூர்துசெல்வியிடம்கூட அவன் சொன்னதில்லை.

"ரப்பர் வாங்கின கடையைப் பார்க்கணும்."

"காரிலேயே போயிட்டு வாங்க. எனக்குக் காப்பி நேரம்" என்று உள்ளே போய்விட்டார் கருப்பண்ணன்.

வளைவுகளில் வாந்தி வரும் என்று லூர்துசெல்வி முன் சீட்டைப் பிடித்துக்கொண்டாள். மாதேஸ்வரன் பின்சீட்டில் கால்மேல் கால் போட்டு முதலாளி மாதிரி சாய்ந்தான். சீட் ஒரு பக்கம் மேடாக இருந்தது. பழைய கார், பழைய ஸ்பிரிங். நகர்ந்து வசதி செய்துகொண்டான். வெள்ளக்கடை ரோட்டில் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே மூடுபனி படுத்துக் கிடந்தது. அங்கப்பன் ஹாரன் அடித்து அடித்து வளைவுகளை எடுத்தான்.

"ஏண்ணா, ஊட்டுல அண்ணி என்ன சொல்றாங்க?" லூர்துசெல்விதான் கேட்டாள்.

"ஆராயிங்களா? பாத்திரத்தையெல்லாம் கழுவிக் கவுத்து வெச்சிருக்குதுங்க. கோழியை மட்டும் யாருக்கும் குடுக்க மாட்டேங்குது."

"எங்கண்ணா போவீங்க?"

"அதைத்தானுங்க அதுவும் கேக்குது."

பின்சீட்டிலிருந்து மாதேஸ்வரன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். டிரைவர்களிடம் ஊர்க்கதை பேசித் துப்புக் கிடைத்ததாக அவனுக்கு அனுபவம் இல்லை.

சிக்கந்தரின் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. கூரையிலிருந்து சைக்கிள் டயர்களும் கார் டியூப்களும் தொங்கின. சிக்கந்தர் ஒரு லாரி டயரின் மேல் சிம்மாசனத்தில் உட்கார்ந்ததுபோல உட்கார்ந்திருந்தார். அங்கப்பன் காரிலேயே இருந்துகொண்டான்.

"பாய், சனிக்கிழமை அந்த டிரைவர் உங்ககிட்ட டிக்கி ரப்பர் வாங்கினானா?"

"வாங்கினாரு" என்றார் சிக்கந்தர். அந்த 'ரு'வை மாதேஸ்வரன் கவனிக்கவில்லை. "பதினஞ்சு அடி. ஒட்டறதுக்கு ஒரு டியூப் சொல்யூஷன். ஒரு மணி நேரம் இங்க உக்காந்து ரப்பரை ஒவ்வொரு அடியா முறுக்கிப் பாத்துட்டுத்தான் எடுத்தாரு. பொண்ணு பாக்க வந்தவங்ககூட அவ்வளவு நேரம் பாக்க மாட்டாங்க."

"மாட்டத் தெரியாம மாட்டிட்டான். உள்ள தண்ணி பூந்து முக்கியமான பத்திரம் ஊறிப்போச்சு."

சிக்கந்தர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். புது டயர் கேட்டுவிட்டுப் பழைய டயரின் விலை பேசுகிறவனைப் பார்க்கிற பார்வை.

"யாரு, அங்கப்பன் மாட்டினதா? அப்ப தண்ணி போகாதுங்க."

"நானே சோதிச்சேன் பாய். டிக்கெட் வழுக்கிட்டு வருது."

"அப்ப அவரு மாட்டினது இல்லீங்க." மிச்சம் கிடந்த ஒரு துண்டு ரப்பரை எடுத்து விரித்தார். "இங்க பாருங்க. இந்தப் பக்கம் உப்பலா இருக்குதா? இது வெளிப்பக்கம் பாக்கோணும். அப்பத்தான் மூடி வந்து அமுக்கும். உள்பக்கம் திரும்பினா மூடிக்கும் ரப்பருக்கும் பேச்சுவார்த்தையே இருக்காது. பழைய பசையைப் பெட்ரோல் போட்டுச் சுரண்டோணும். ரப்பரை இழுத்து ஒட்டக்கூடாது. இழுத்தா நாளைக்கே சுருங்கி சந்து உட்ரும். ஒட்டு கீழ வரோணும், பூட்டுக்கிட்ட. மேல வெச்சா மழை நேரா அதும்மேலதான் விழும்."

"மேலதான் இருக்கு."

"இருக்காதுங்க."

"என் கண்ணால பார்த்தேன் பாய். மேல, கீலுக்குப் பக்கத்துல."

"இருபது வருஷம் வண்டிக்கு அடியில படுத்த ஆளு மேல வெப்பாரா? டிக்கியை வாழ்க்கையில தொட்டுப் பாக்காதவன் வெப்பான்."

மாதேஸ்வரனின் கண் முன்னால் சாவி வலப்பக்கம் திரும்பியது. சட்டென்று அதைத் தள்ளிவிட்டான். சாவி திருப்பத் தெரியாதது குற்றமில்லை. "இவன் மாட்டினதுக்கு அத்தாட்சியே இருக்கு பாய். பொட்டு வெச்சிருக்கான். ஒட்டு மேலேயே வெச்சிருக்கான்."

சிக்கந்தர் சிரித்தார். "அது அவரு பழக்கமுங்க. புதுசா எந்தச் சாமான் மாட்டினாலும் ஒரு பொட்டு. ஒருக்கா ஸ்பார்க் பிளக்குக்கு வெச்சாரு. வண்டியே கிளம்பலே. அதுல இருந்து திறந்தா கண்ணுக்கு நேராத் தெரியற எடத்துல மட்டும்தான் வெப்பாரு."

லூர்துசெல்வி பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டாள். "சார், நான் சர்ச்சுக்குப் போறவ. எனக்குத் தெரிஞ்ச அளவுக்குக் கேக்கறேன். நெத்தியில வைக்கிற பொட்டை எவனாவது பிடரியில வைப்பானா?"

"என்ன?"

"டிக்கியைத் திறந்தா கண்ணு நேராப் போறது கீழ, பூட்டுக்கிட்ட. அதானே டிக்கிக்கு நெத்தி? அங்க வெச்ச பொட்டு மேல எப்படிப் போச்சு? அதுவா நடந்து போச்சா?"

மாதேஸ்வரன் மிச்ச ரப்பர் துண்டைக் கையில் எடுத்துப் புரட்டினான்.

"இன்னொண்ணு சார். நம்ம ஆபீஸ்ல சரஸ்வதி பூஜைக்கு டைப்ரைட்டருக்குக் குங்குமம் வெச்சீங்க. நான் ஒரு சொட்டுத் தண்ணி சிந்தினேன். மூணு கடிதம் சிவப்பாப் போச்சு. திட்டினீங்க. ஞாபகம் இருக்கா? இங்க ராத்திரி முழுக்க அந்த ஒட்டு வழியா மழை கொட்டியிருக்காம், டிக்கி கெணறு மாதிரி நின்னிருக்காம். பொட்டு மட்டும் வட்டமா இருக்கு."

கடைக்கு வெளியே தூறல் தகரக் கூரையில் படபடத்தது. காலையில் அந்தப் பொட்டைத் தான் எவ்வளவு நேரம் பார்த்தோம் என்று மாதேஸ்வரன் யோசித்தான். ஒரு சிரிப்பு சிரிக்கிற நேரம்தான். எல்லாவற்றையும் அளந்து பார்க்கிறவன் அதை மட்டும் அளக்கவில்லை. கேலி செய்ய வாட்டமாக இருந்ததால் அது துப்பாகத் தெரியாமல் போய்விட்டது. இந்தத் தொழிலுக்குத் தான் லாயக்குத்தானா என்ற பழைய சந்தேகம் திரும்பவும் வந்தது.

"அப்ப ரப்பரை யாரோ கழட்டி, தலைகீழா மாட்டி, உள்ள தண்ணி ஊத்தியிருக்கான்" என்றான் மெதுவாக.

"யாரோ இல்ல சார். சொல்யூஷன் காயறதுக்குள்ள கை வெச்சவன். பங்களாவுல இருக்கறவன். டிக்கியைத் தொட்டே பாக்காதவன். எனக்கு ஆள் பேரு சொல்லத் தெரியும். ஆனா சம்பளம் உங்களைவிடக் கம்மி."

மாதேஸ்வரன் தீப்பெட்டியைத் திறந்தான். சிக்கந்தர் பஞ்சர் பார்க்கிற விளக்கைப் பிடித்தார். கூழைக் கம்பி முனையால் விரித்தபோது அரை விரல் அகலத்துக்கு ஒரு துணுக்கு சிதையாமல் கிடைத்தது. லூர்துசெல்வி குனிந்து படித்தாள்.

"தினசரி நாலு காட்சிகள்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பெரியவர் உயில்ல சினிமா நேரம் எழுதியிருக்க மாட்டார்னு நினைக்கிறேன்" என்றாள்.

மூடுபனியில் ஊர்ந்து திரும்பும்போது மணி மூன்று. மாதேஸ்வரன் பின்சீட்டின் மேட்டைக்கூட உணரவில்லை. உயிலை எடுத்து ஒளித்துவிட்டு, பையில் செய்தித்தாளைத் திணித்து ஊற வைத்திருக்கிறார் கருப்பண்ணன். இரண்டே ஏக்கருக்காக. நாற்பது ஏக்கர் போதாத மனுஷன். பேச வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்தான். முன்னால் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த பிடரியை ஒருமுறை பார்த்தான். பாவம், அந்த மரக்கட்டைக்கு இதெல்லாம் எங்கே புரியப் போகிறது.

கருப்பண்ணன் மத்தியானச் சாப்பாடும் முடித்து, பல் குத்திக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். "என்னங்க, ரப்பர்க்காரன் என்ன சொன்னான்?"

"டிக்கியைத் திறங்க."

கருப்பண்ணன் சாவியை வலப்பக்கம் திருகினார்.

"இடது பக்கம்" என்றாள் லூர்துசெல்வி.

மூடி திறந்தது. மாதேஸ்வரன் ரப்பரின் ஒட்டைத் தொட்டுக் காட்டினான். "பூட்டுக்கிட்ட இருக்க வேண்டிய ஒட்டு மேல இருக்கு. வெளியே பார்க்க வேண்டிய உப்பல் உள்ளே பார்க்குது. கார் தெரிஞ்ச எவனும் இப்படி மாட்ட மாட்டான். டிரைவர் கீழ வெச்ச பொட்டு மேல ஏறியிருக்கு. ராத்திரி முழுக்க இது வழியா மழை இறங்கியிருந்தா குங்குமம் கரைஞ்சு ஓடியிருக்கும். கரையலை. மழை இந்தப் பக்கமே வரலை."

"பொட்டை வெச்சு கேஸா?" கருப்பண்ணன் பல்குச்சியைத் துப்பினார். "ஏனுங்க, சேலத்துல இதுக்கெல்லாம் ஃபீஸ் வாங்கறீங்களா? கோர்ட்டுல ஜட்ஜுக்கு முன்னால குங்குமச் சிமிழைக் கொண்டுபோய் வைப்பீங்களா?"

"வைக்க மாட்டேன். இதை வைப்பேன்." தீப்பெட்டியை நீட்டினான். "படிங்க."

கருப்பண்ணன் படித்தார். உதடுகள் அசைந்தன. மறுபடியும் படித்தார்.

"என்னது இது?"

"உங்க தட்டுல இருந்த கூழ். செய்தித்தாள். உயிலை எடுத்து வெச்சுக்கிட்டு, பேப்பரை ஊற வெச்சு வக்கீலை ஏமாத்தியிருக்கீங்க. உயில் எங்கே?"

இந்த இடத்தில் கருப்பண்ணன் மழுப்புவார், கோபப்படுவார், வக்கீல் பேரைச் சொல்லி மிரட்டுவார் என்று மாதேஸ்வரன் எதிர்பார்த்திருந்தான். மூன்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தான். கருப்பண்ணன் மூன்றையும் செய்யவில்லை. அவர் முகம் வெளுத்துப்போனது. பயத்தில் இல்லை. ஏமாந்தவனின் வெளுப்பு அது.

"பேப்பரா?" என்றார். "எப்படிய்யா பேப்பராகும்? பையில உயில்தான் இருந்துச்சு! என் கையாலதான் கவருக்குள்ள போட்டுக் குடுத்தேன்! அந்த நாசமாப்போன பூட்டோட அரை மணி நேரம் மல்லுக்கட்டி, அந்தப் பிசினை எல்லாம் கையில பூசிக்கிட்டு, விடியறதுக்குச் சித்த முன்னால பாய்லர்ல இருந்து ரெண்டு வாளி வெந்நீரை நானே தூக்கிட்டு வந்து ஊத்தினேன், பேப்பர்ங்கறே?"

லூர்துசெல்வியின் பென்சில் சுருக்கெழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"வெந்நீரா?" என்று தலை நிமிராமல் கேட்டாள். "எதுக்குங்க வெந்நீர்?"

"சீக்கிரம் கரையட்டும்னு..." என்று ஆரம்பித்த கருப்பண்ணன் அப்போதுதான் தன் வாயிலிருந்து என்ன வந்துகொண்டிருக்கிறது என்று கேட்டார். வாயை மூடினார். மூடிய வாயோடு மெல்லத் திரும்பினார்.

"டேய் அங்கப்பா. பைக்குள்ள என்னடா வெச்சே?"

அங்கப்பன் வானத்தைப் பார்ப்பதை நிறுத்தினான். அன்றைக்கு முதல்முறையாக இரண்டடி முன்னால் வந்தான்.

"பேப்பருங்க, அய்யா."

"அதான் ஏண்டா?"

"சொல்யூஷன் காய ஒரு ராத்திரி ஆகுமுங்க. நாம மாட்டின ரப்பரா இருந்தாலும் முத நாளே நம்பப்படாது. பேப்பரைச் சுருட்டி உள்ள வெச்சா, காலையில தொட்டுப் பாத்தா ஈரம் இருக்குதா இல்லையான்னு தெரிஞ்சுரும். வக்கீலுக்குப் போற தாளுன்னு சொன்னீங்க. அதை எப்படீங்க முத நாளு ரப்பரை நம்பி வெக்கறது? கவரை எடுத்து வேற எடத்துல வெச்சுட்டு, பையில பேப்பரை வெச்சேன். காலையில மாத்திக்கலாம்னு. காலையில வந்து பாத்தா பொட்டு மேல போயிருந்துச்சுங்க."

"அப்பவே தெரிஞ்சுதா?" மாதேஸ்வரனின் குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது.

"அப்பத் தெரியலீங்க. எதுக்கு இப்படின்னுதான் நெனச்சேன். அப்புறம் அய்யா கத்துனாருங்க, உனக்கு எழுதின உயிலை நீயே முழுகடிச்சுட்டியேன்னு. அப்பத்தான் எனக்கு எழுதியிருக்குதுன்னே தெரிஞ்சுது. வெந்நிக்கும் அர்த்தம் தெரிஞ்சுது. டிக்கித் தண்ணி வெதுவெதுன்னு இருந்துச்சுங்களே. ஏற்காட்டு மழை என்னைக்குங்க வெதுவெதுன்னு பேஞ்சுது?"

லூர்துசெல்வி எழுதுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள்.

"எங்கடா கவரு?" கருப்பண்ணன் கத்தினார். "எடுடா! என் கார்ல இருக்கற என் கவரு!"

அங்கப்பன் காரின் பின்கதவைத் திறந்தான். பின்சீட்டின் அடியில் இரண்டு கைகளையும் கொடுத்து, ஒரு தூக்குத் தூக்கினான். சீட் பலகை கிளம்பி வந்தது. அடியில் ஜாக்கி, ஒரு பழைய துணி. துணிக்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றிய பழுப்பு நிற நீளக் கவர். ஒரு மூலைகூட நனையவில்லை.

கருப்பண்ணன் கையை நீட்டினார். அங்கப்பன் அந்தக் கையைச் சுற்றிக்கொண்டு போய், மாதேஸ்வரனையும் தாண்டிப் போய், கவரை லூர்துசெல்வியிடம் கொடுத்தார்.

"நீங்க வெச்சுக்குங்க கண்ணு."

அவள் பிரித்தாள். ஐயாக்கண்ணுவின் நடுங்குகிற கையெழுத்து. இரண்டு சாட்சிகள். தலைச்சோலை, இரண்டு ஏக்கர், காப்பியும் வீடும் உட்பட. வாய்விட்டுப் படித்துவிட்டு மடித்துத் தன் கைப்பையில் வைத்து மூடினாள்.

"வண்டியில இதைவிடக் காஞ்ச எடம் இல்லீங்க" என்றார் அங்கப்பன். "நேத்து சேலத்துக்கு இருபது கொண்டை ஊசி வளைவும் எறங்கி, மறுபடி அத்தனையும் ஏறி, அய்யா அதும்மேலதான் உக்காந்துட்டு வந்தாரு. பத்திரமாத்தான் இருந்துச்சு."

கருப்பண்ணன் சீட் இல்லாத காரை வெறித்துப் பார்த்தார். இரண்டு ஏக்கரை அழிக்க இரண்டு வாளி சுமந்த முதுகு சற்றே கூனியிருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு ஷூ தேய பங்களாவுக்குள் போனார். கதவு சாத்துகிற சத்தம் மட்டும் பலமாக வந்தது.

"நேத்தே வக்கீல்கிட்ட எடுத்துக் குடுத்திருக்கலாமே?" என்று கேட்டான் மாதேஸ்வரன்.

"வக்கீலய்யா ஊட்டுல கேட்டுக்கு வெளியதானுங்க நிக்க வெச்சாங்க. நானா எடுத்துக் குடுத்தா, உயிலைத் திருடி வெச்சிருந்தான்னு ஒரே பேச்சுல முடிச்சிருவாங்க. இவரு கையில குடுத்தா அடுப்புக்குப் போயிரும். ரப்பரைக் கழட்டினது நான் இல்லேன்னு வெளி ஆளு ஒருத்தரு வாயில வரோணும்னு இருந்தேன்."

"சரி. காலையில நான் வந்தேனே. நான் வெளி ஆள்தானே? என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, அங்கப்பன்... நீங்க?"

'நீங்க' சற்றுத் தாமதமாக வந்தது. அங்கப்பன் சீட்டைத் திரும்பப் பொருத்திக்கொண்டே பதில் சொன்னார். குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. பிரேக் தேய்ந்திருக்கிறது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

"நீங்க பொட்டைப் பாத்துச் சிரிச்சீங்களே."

நோட்டில் எழுத வேண்டிய விஷயமாக மாதேஸ்வரனுக்கு அது தெரிந்தது. எழுதவில்லை.

"ஏறுங்க. மணி நாலாகப் போகுது. அஞ்சு மணி பஸ்ஸுக்கு உட்டுடறேன்" என்றார் அங்கப்பன். "நாளைக்கு வண்டி இருக்குமோ, வேலை இருக்குமோ. இன்னைக்குச் சாவி எங்கிட்டத்தான் இருக்குது."

மாதேஸ்வரன் பின்கதவில் வைத்த கையை எடுத்தான். காலையிலும் மத்தியானத்திலும் கால்மேல் கால் போட்டுச் சாய்ந்திருந்த அந்த மேட்டைப் பார்த்தான். பிறகு சுற்றி வந்து முன்கதவைத் திறந்தான்.

"சார், அது என் எடம்" என்றாள் லூர்துசெல்வி, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. "நீங்க பின்னாடியே உக்காருங்க. இப்ப அடியில ஒண்ணும் இல்ல."